பானையில் விழும் உப்பு

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிராமை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்குச் சற்று மேல் வரும். மீன் கழுவியதிலும் காய் வேகவைத்து வடித்த நீரிலும் கொஞ்சம் போயிருக்கலாம். கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், மிக்சர், பிஸ்கட் வழியே வந்த உப்போ இந்தக் கணக்கில் சேரவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அந்த வரம்பில் நிற்க வேண்டுமென்றால் அதே வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும், வெளியிலிருந்து வருவதையும் சேர்த்து. 2017-18இல் நடந்த தேசியத் தொற்றாநோய்க் கண்காணிப்பு ஆய்வு, சிறுநீரில் வெளியேறும் சோடியத்தை வைத்து, இந்தியர் ஒருவர் உண்ணும் உப்பு சராசரியாக நாளைக்கு 8 கிராம் என்று மதிப்பிட்டது. நம் பாக்கெட் கணக்கு அதற்கு மிக அருகில் நிற்கிறது.

இந்த வகுத்தலை முதலிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. ரத்த அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர் சொல்வார், “உப்பைக் குறைச்சுக்கோங்க.” நோயாளியின் தட்டை மனதில் வைத்துச் சொன்ன பேச்சு அது. நம் வீடுகளில் உப்பு விழுவதோ பானையில். அளவு சமைப்பவர் கையில் இருக்கிறது, வீடே அதை உண்கிறது. தனி ஒருவருக்குச் சொன்ன அறிவுரை ஏன் இவ்வளவு எளிதில் தோற்கிறது, வீட்டுக்கும் ஊருக்கும் சேர்த்துச் செய்த மாற்றங்கள் ஏன் உயிர் காத்தன என்ற கேள்விக்கு உப்பு ஆராய்ச்சியின் நூறாண்டு வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது.

முதலில் உடலுக்குள் நடப்பது. நரம்பில் சேதி ஓடவும் தசை சுருங்கவும் ரத்தத்தின் அளவு குறையாமல் இருக்கவும் சோடியம் வேண்டும். அது இல்லாமல் உயிர் இல்லை. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு ஒன்றரைக் கிலோவை நெருங்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை மீட்டு ரத்தத்துக்கே திருப்பியனுப்பிவிட்டு, மிஞ்சும் சில கிராமை மட்டும் அவை வெளியே விடுகின்றன. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உறுப்பு அது. சேமிப்பதில் தேர்ந்தது, நாள்தோறும் எட்டுப் பத்து கிராமை வெளியேற்றும் வேலை அதற்குப் புதிது.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உயிரணுக்களுக்கு வெளியே நிற்கும் நம் உடல் நீரின் செறிவும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே 9 கிராம் உப்பு வெளியேறாமல் தங்கினால், தாகம் எடுத்து, ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்கும். ரத்தக் குழாய்க்குள் நீர் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சிறுநீரகம் அதிக உப்பை வெளியே தள்ளும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பணியாற்றிய உடலியலாளர் ஆர்தர் கைட்டன் விளக்கிக் காட்டிய சமன்பாடு இது. நல்ல சிறுநீரகத்துக்கு உப்பை வெளியேற்றச் சிறிதளவு அழுத்தமே போதும். வயதாலோ நீரிழிவாலோ பரம்பரையாலோ திறன் குறைந்த சிறுநீரகம் அதே வேலையைச் செய்ய உயர்ந்த அழுத்தம் கேட்கும். அப்போது உயர் ரத்த அழுத்தம் என்பது அன்றாட உப்பை வெளியேற்ற உடல் நாள்தோறும் கொடுக்கும் விலையாகிவிடுகிறது. அந்த விலையை மூளையின் மெல்லிய குழாய்களும் இதயமும் கண்ணின் விழித்திரையும் சுமக்கின்றன.

எல்லோர் உடலும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. உப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில், உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் இல்லாதவர்களில் கால்வாசிப் பேருக்கும் அழுத்தம் தெளிவாக ஏறி இறங்கியது. மற்றவர்களிடம் மாற்றம் சிறியது. “எங்க தாத்தா ஊறுகாயும் கருவாடுமா சாப்பிட்டு எண்பது வயசு வரைக்கும் இருந்தாரே” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தாவின் சிறுநீரகம் பேரனுக்கு வந்திருக்கிறதா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

உப்புக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் எழுதியவர்கள் பிரான்சைச் சேர்ந்த அம்பார், போஜார் என்ற இருவர், 1904இல். பல ஆண்டுகள் அது கவனிக்கப்படாமல் கிடந்தது. பிறகு வால்டர் கெம்ப்னர் வந்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போன மருத்துவர் அவர். 1939 முதல், கண்பார்வை மங்கி இதயம் வீங்கிச் சாவின் விளிம்பில் நின்ற கடும் ரத்த அழுத்த நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறு, பழம், சர்க்கரை மட்டும் கொடுத்தார். அழுத்தத்தைக் குறைக்க நல்ல மாத்திரை எதுவும் இல்லாத காலம். பலருக்கு அழுத்தம் இறங்கியது. வீங்கிய இதயம் சுருங்கியது. விழித்திரையின் ரத்தக் கசிவு மறைந்தது. அந்த உணவை நெடுநாள் உண்ண மனிதரால் இயலாது என்பதும் அங்கேயே தெரிந்தது.

லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை இனப்பெருக்கம் செய்து, உப்பு தின்றால் அழுத்தம் ஏறும் கூட்டமாகவும் ஏறாத கூட்டமாகவும் பிரித்துக் காட்டினார். 1960இல் அவர் வரைந்த ஒரு படம் பெயர் பெற்றது: ஒரு முனையில் மிகக் குறைவாக உப்பு உண்ட அலாஸ்காவின் எஸ்கிமோ மக்கள், மறுமுனையில் நாளைக்கு 25 கிராமுக்கும் மேல் உண்ட வட ஜப்பான் மக்கள். உப்பு ஏற ஏற நோயும் ஏறியது. ஐந்து புள்ளிகளை வைத்து வரைந்த கோடு என்று விமர்சகர்கள் சொன்னார்கள். சரியான விமர்சனம்தான்.

அதற்கு விடை தேடி எழுந்ததே இன்டர்சால்ட் ஆய்வு. 32 நாடுகளில் 52 இடங்கள். 20 முதல் 59 வயது வரை 10,079 பேர். ஒவ்வொருவரிடமும் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதும் சேகரிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து லடாக்கும் புதுதில்லியும் இருந்தன. முடிவு 1988இல் வெளிவந்தது. பிரேசிலின் காடுகளில் வாழும் யனோமாமி மக்கள் ஏறக்குறைய உப்பே இல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மேல் அழுத்தத்தின் சராசரி நூறுக்கும் கீழே. அதைவிட முக்கியம், அவர்களில் வயது ஏறியவர்களுக்கு அழுத்தம் ஏறவில்லை. “வயசானா பிரஷர் வரத்தானே செய்யும்” என்று நாம் இயற்கை விதிபோல் சொல்வது மனித குலம் முழுவதற்கும் பொருந்தாது என்று அந்த ஒரு தகவல் காட்டியது.

யனோமாமி உள்ளிட்ட உப்புக் குறைந்த நான்கு இடங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற 48 இடங்களுக்கிடையே உப்பின் அளவும் அழுத்தத்தின் அளவும் அவ்வளவு தெளிவாக இணையவில்லை. ஆனால் வயதோடு அழுத்தம் ஏறும் வேகம் உப்போடு இணைந்தே நின்றது. அமெரிக்க உப்புத் தொழிலின் அமைப்பு முதல் செய்தியைப் பற்றிக்கொண்டு வாதாடியது. ஆய்வாளர்கள் இரண்டாவதைச் சுட்டினார்கள். இரண்டாவதுதான் கனமானது என்பது என் கருத்து. இருபத்தைந்து வயதில் உப்பு நமக்கு எதுவும் செய்வதாகத் தெரியாது. அது செய்வது முப்பது ஆண்டு வேலை.

ஆட்களுக்குச் சமைத்துக் கொடுத்தே சோதித்த ஆய்வு 2001இல் வந்தது. டாஷ்-சோடியம் என்று பெயர், 412 பேர். மூன்று அளவு உப்பு, ஒவ்வொன்றும் ஒரு மாதம். வழக்கமான அமெரிக்க உணவில் உப்பை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு இறக்கியபோது மேல் அழுத்தம் சராசரியாக 6.7 புள்ளி இறங்கியது. காய், பழம், பருப்பு, பால் மிகுந்த உணவை உண்டவர்களுக்கு அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்ததால் உப்பைக் குறைத்துக் கிடைத்த கூடுதல் பலன் 3 புள்ளி. காயும் கீரையும் தரும் பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது; ஒன்றின் குறை மற்றொன்றின் தீங்கைப் பெருக்குகிறது. இதை நினைவில் வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல், கனடாவின் ஹாமில்டனில் சலீம் யூசுப் தலைமையில் நடக்கும் ப்யூர் ஆய்வு, 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவைக் கொண்டு, நாளைக்கு ஏழரை முதல் 15 கிராம் வரை உப்பு உண்பவர்களுக்கே மரணமும் இதய நோயும் குறைவு, அதற்குக் கீழே போனாலும் ஆபத்து ஏறுகிறது என்றது. “உப்பைக் குறைக்கவே வேண்டாம்” என்று செய்தித்தாள்கள் எழுதியது அப்போதுதான். அந்த ஆய்வின் பலவீனம் அளவிட்ட முறையில் இருந்தது: காலையில் ஒருமுறை எடுத்த சிறுநீரை வைத்து ஒரு சூத்திரத்தால் நாள் முழுவதற்கும் கணக்கிட்டார்கள். உடல்நலம் கெட்டவர் பசியின்றிக் குறைவாக உண்பார், அதனால் உப்பும் குறைவாக இருக்கும், இறப்பதும் அவரே. அங்கே உப்பின் குறைவு நோயின் விளைவு. 24 மணி நேரச் சிறுநீரைப் பல நாள்கள் சேகரித்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2022இல் வெளியான பகுப்பாய்வில் உப்பு குறைந்தாலும் ஆபத்து ஏறும் அந்தப் போக்கு தென்படவில்லை. சோடியம் 1 கிராம் கூடும்போதெல்லாம் இதய, மூளைக் குழாய் நோய்களின் வாய்ப்பு 18 விழுக்காடு கூடியது. ஒரு நாளைக்கு 3 கிராம் உப்பு நல்லதா, 5 கிராம் நல்லதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எட்டுப் பத்து கிராமில் இருக்கும் நாம் அந்த விவாதத்தின் எல்லைக்குள்ளேயே இன்னும் வரவில்லை.

நம் உப்பு எங்கிருந்து வருகிறது? மேலைநாட்டு ஆலோசனைகளை நம் ஊர் மருத்துவமனைச் சுவரில் அப்படியே ஒட்டுவதால் வரும் குழப்பம் இங்கேதான். அமெரிக்கர்கள் உண்ணும் உப்பில் பத்தில் ஏழு பங்கு ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, டப்பா சூப் போன்ற தொழிற்சாலை உணவில் ஏற்கெனவே கலந்து வருகிறது. சீனாவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வீட்டு அடுப்படியில் சேர்க்கப்படுகிறது. நாம் சீனாவின் பக்கம். அதனால்தான் பிரிட்டன் செய்தது நமக்கு முழுதாகப் பொருந்தாது. 2003 முதல் அங்கே அரசின் உணவுத்தர அமைப்பு உற்பத்தியாளர்களோடு பேசி ரொட்டியிலும் மற்றவற்றிலும் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்தது. வாங்குபவர் நாக்குக்குத் தெரியாத வேகம். 2011க்குள் நாட்டின் சராசரி நாளைக்கு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு இறங்கியது. தென்னாப்பிரிக்கா 2016இலிருந்து சட்டத்தாலேயே வரம்பு விதித்தது. நம் ஊரில் ரொட்டிக் கம்பெனியைச் சட்டத்தால் கட்டுப்படுத்தினாலும் சாம்பார் அதே உப்போடு கொதிக்கும்.

தமிழ்ச் சமையலில் உப்பு வரும் வழி தனியானது. சோற்றைப் பெரும்பாலான வீடுகளில் உப்பில்லாமல்தான் வடிக்கிறோம். தட்டில் குவியும் உப்பற்ற சோற்றுக்கெல்லாம் சேர்த்துச் சுவை தர வேண்டிய பொறுப்பு குழம்பின் மேல் விழுகிறது. சோறு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு குழம்பு, அவ்வளவு உப்பு. அடுத்து ரசம், பிறகு மோர், மோருக்கு ஊறுகாய்: ஒவ்வொரு சுற்றுக்கும் தனி உப்பு. காய் பொரியலாகக் கால் கரண்டி வந்தால், சோடியத்தை ஈடுகட்ட வேண்டிய பொட்டாசியமும் கால் கரண்டிதான். தட்டின் பாதியைக் காயும் கீரையும் பருப்பும் நிரப்பினால் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்வார்கள். உப்புக்கும் அதுவே நல்லது. சோறு குறைந்தால் குழம்பின் உப்புக்கு வேலை குறைகிறது.

இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, தொட்டுக்கொள்ளும் பொடியில் உப்பு. ஊறுகாயைக் கெடாமல் காப்பதே உப்புதான். கடையில் விற்பனவற்றில் 100 கிராமுக்கு 10 கிராமும் அதற்கு மேலும் இருப்பது சாதாரணம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. சோடா உப்பும் அப்படியே. மோர்மிளகாய், வற்றல், வடகம், கருவாடு எல்லாம் வெயிலும் உப்பும் சேர்ந்து உணவைக் காத்த காலத்தின் அருமையான கண்டுபிடிப்புகள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத வீட்டில் கருவாடு பசியாற்றியது. குளிர்பதனப் பெட்டி வந்த பிறகும் அவை சுவைக்காக நின்றன, நிற்கட்டும். வாரத்தில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு யாரையும் சாய்த்துவிடாது. நாள் தவறாமல் மூன்று வேளையும் தட்டின் ஓரத்தில் உட்காரும் ஊறுகாயை மட்டும் பற்றிச் சொல்கிறேன்.

பாக்கெட் உணவின் பங்கு நகரங்களில் வேகமாக ஏறுகிறது என்பதால் உறையின் பின்பக்கத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். அங்கே பெரும்பாலும் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் ஒரு பாக்கெட் உடனடி நூடுல்ஸ் அன்றைய வரம்பில் எவ்வளவை விழுங்குகிறது என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். நம் வீடுகளில் நோய் என்றால் பத்தியம். அம்மை கண்டால், மஞ்சள்காமாலை வந்தால், பிரசவம் ஆனால் இன்னின்ன சாப்பிடக்கூடாது என்று வீடு கட்டுப்படும். நாள் முடிந்ததும் பத்தியம் விடுபடும். அதற்கு ஒரு முடிவு இருப்பதால்தான் அது தாங்கக் கூடியதாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு முடிவுநாள் கிடையாது. ஆனால் நாம் அதற்கும் பத்தியத்தைத்தான் கைக்கொள்கிறோம்: அப்பாவுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் உப்பில்லாத கூட்டு. முதல் மாதம் அம்மா தனியாக எடுத்துவைப்பார். இரண்டாம் மாதம் அப்பா முகம் சுளிப்பார். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பத்தியம் முடிந்ததாக இருவருமே எடுத்துக்கொள்வார்கள். சமைப்பவருக்கு இரட்டை வேலை, உண்பவருக்குத் தண்டனை, மற்ற மூவருக்கும் பழைய அளவு. இந்த ஏற்பாட்டில் நீடிக்கக் கூடியது ஒன்றுமே இல்லை. அழுத்தம் வரப்போகிற மகனும் மகளும் அதே மேசையில் உட்கார்ந்து எட்டு கிராம் உண்டுகொண்டிருக்கிறார்கள்.

நாக்கு பழகும் என்பதற்குச் சோதனை உண்டு. 1982இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சோடியம் குறைந்த உணவை ஐந்து மாதம் உண்டவர்கள் சூப்பிலும் பிஸ்கட்டிலும் விரும்பிய உப்பின் அளவே இறங்கிவிட்டது. முதல் சில வாரங்கள் கசப்பானவை. பிறகு பழைய அளவு கரிக்கத் தொடங்குகிறது. ஆகவே ஒருவருக்கு மட்டும் திடீரென்று முற்றாக நிறுத்துவதைவிட, வீடு முழுவதற்கும் மாதத்துக்குக் கொஞ்சமாகப் பானையின் உப்பைக் குறைப்பதுதான் நிலைக்கும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று உப்பின் குறையை மறைக்கும் சரக்கு நம் அஞ்சறைப் பெட்டியைப் போல வேறு எங்கே இருக்கிறது! உப்பைக் கொதிக்கும்போது போடாமல் இறக்கும்போது போட்டால் குறைந்த அளவே நாக்கில் எடுப்பாகத் தெரியும் என்று அனுபவம் உள்ள சமையல்காரர்கள் சொல்வதும் முயன்று பார்க்கத் தக்கது.

முற்றாக உப்பை நிறுத்துவது ஆபத்தும்கூட. அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்ணும் முதியவர்கள் வெயில் காலத்தில் உப்பையும் விட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றலும் தடுமாற்றமும் வந்து, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிற நிலை வரை போகலாம். அதை முதுமையின் மறதி என்று வீட்டார் நினைத்துவிடுவதும் உண்டு. குறைப்பது வேறு, அறவே விடுவது வேறு. வெயிலில் உழைப்பவர்கள் கதையும் தனி. நம் உப்பை எடுத்துத் தருபவர்களே அதற்குச் சாட்சி. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையில். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிய அந்த உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, தாங்கக்கூடிய அளவுக்கு மீறிய வெப்பத்தில் போதிய நீரும் கழிப்பிடமும் இன்றி அவர்கள் வேலை செய்வதையும், சிலரின் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். அவர்களுக்கு முதல் தேவை நிழலும் நீரும் ஓய்வும். உப்பைக் குறைக்கும் அறிவுரையை அங்கே போய்ச் சொல்வதற்கு முன் அதைச் செய்தாக வேண்டும்.

இந்துப்பு பற்றி ஒரு வார்த்தை. விலை கூடிய இளஞ்சிவப்பு உப்பு அழுத்தத்தை ஏற்றாது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அதில் 97, 98 விழுக்காடு சோடியம் குளோரைடுதான். நிறம் தரும் தாதுக்கள் உடலுக்குக் கணக்கில் வராத அளவு. கல் உப்பும் அதே உப்பு. கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் எடை சற்றுக் குறையும், அவ்வளவே. இரண்டிலும் பெரும்பாலும் அயோடின் இல்லை, அதுதான் இழப்பு. இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவும் அயோடின் சேர்த்த உப்பைச் சில பகுதிகளிலும் சாதாரண உப்பை ஒரு பகுதியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் பெற்ற ஊர்களில் முன்கழுத்துக் கழலை வேகமாகக் குறைந்தது. அதன் வழியே 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது. இன்று நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அயோடின் உப்பு இருக்கிறது. யாரிடமும் அயோடினை அளந்து உண்ணுங்கள் என்று சொல்லவில்லை. பாக்கெட்டுக்குள் இருந்த உப்பை மாற்றினார்கள், குழந்தைகளின் மூளை காப்பாற்றப்பட்டது.

அதே வழியைச் சோடியத்துக்கும் எடுத்த பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது. ஐந்து மாகாணங்களின் 600 கிராமங்கள். முன்பு பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபது வயது கடந்து அழுத்தம் உள்ளவர்கள் 20,995 பேர். பாதிக் கிராமங்களில் அவர்களின் வீட்டு உப்பை எடுத்துவிட்டு, நான்கில் மூன்று பங்கு சோடியம் குளோரைடும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். 2021இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது, மரணம் 12 விழுக்காடு குறைந்தது. யாருக்கும் தனிக் கிண்ணம் இல்லை, புது மாத்திரை இல்லை. சமைத்தது பழையபடி, பானை பழையது, அதில் விழுந்தது மட்டும் வேறு. நம் பக்கத்தில், தெலங்கானாவின் சித்திப்பேட்டைக் கிராமங்களில் அழுத்தம் உள்ள 502 பேரிடம் மூன்று மாதம் இதைப் போன்ற கலவை உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் மேல் அழுத்தம் சராசரியாக 4.6 புள்ளி குறைந்தது. குழம்பும் ஊறுகாயும் உள்ள தென்னிந்திய வீடுகளில் கிடைத்த முடிவு என்பதால் இதற்கு நமக்குத் தனி மதிப்பு உண்டு. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று, நிபந்தனைகளோடு, பரிந்துரைத்தது.

நிபந்தனைகளை விரிவாகச் சொல்ல வேண்டியது நம் ஊருக்கு மிக அவசியம். பொட்டாசியத்தை வெளியேற்றுவதும் சிறுநீரகமே. அது பழுதுபட்டவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குத் தமக்கே தெரியாமல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் எழுதித் தரப்படும் எனலாபிரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும். ஆகவே இத்தகையவர் உள்ள வீடு, விளம்பரத்தைப் பார்த்துக் கலவை உப்பை வாங்கிவிடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினினையும் சோதித்து மருத்துவரிடம் கேட்டபின் வாங்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர் உள்ள வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பானை பொதுவானது என்பதன் நன்மையும் ஆபத்தும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2020இல் தொற்றாநோய்களைக் கணக்கெடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வு, வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் அழுத்தம் என்றும், அப்படிப்பட்ட நூறு பேரில் ஏழு பேருக்கே அது கட்டுக்குள் இருக்கிறது என்றும் காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. அடுத்த சுற்று ஆய்வில் அந்த ஏழு பதினேழானது. உண்மையான முன்னேற்றம் இது, மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது. மீதி எண்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். வாசலுக்கு வரும் அந்தத் திட்டத்தின் பெண் பணியாளர் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், சமையலறையில் இருப்பவரை அழைத்துப் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால், நோயாளியிடம் பேசும் அரை மணியைவிட அது பயன்படும். அவருக்கு அந்த ஐந்து நிமிடத்துக்கான ஊதியமும் பயிற்சியும் தர வேண்டும், வெறும் உத்தரவாக இறக்கக் கூடாது.

கலவை உப்பைப் பொறுத்தவரை தமிழ்நாடு ஒரு முறை முன்னே நடந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பெடுக்கும் அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014இல் அம்மா உப்பு என்று மூன்று வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று அயோடின் உப்பு, ஒன்று இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு, மூன்றாவது சோடியம் குறைந்த உப்பு. அப்போது முதல் வகை கிலோ 10 ரூபாய். மூன்றாவது 21 ரூபாய். சீனக் கிராமங்களின் முடிவு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இந்த யோசனை இங்கே பாக்கெட்டாகியிருந்தது. விலை இரட்டிப்பாக இருந்ததுதான் அதன் பெரிய தடை. பொட்டாசியம் குளோரைடுக்கு இந்தியா வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. அது பெரும்பாலும் பொட்டாஷ் உரமாக இறக்குமதியாகிறது. உரத்துக்கு மானியம் தரும் அரசு உணவுக்குரிய பொட்டாசியத்துக்கும் தந்தால் விலை இறங்கும். எல்லா ரேஷன் அட்டைக்கும் ஒரே நாளில் தர வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தின் பட்டியலில் ஏற்கெனவே லட்சக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் உள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் மட்டுமே உள்ள வீடுகளைப் பிரித்து, ஒரு மாவட்டத்தில் இரண்டு ஆண்டு இந்த உப்பைச் சாதாரண உப்பின் விலைக்கே கொடுத்துப் பார்க்கலாம். எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது, எத்தனை பேருக்குப் பொட்டாசியம் ஏறியது என்று இரண்டையும் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று எண்ணி வெளியிட வேண்டும்.